கப்பல் கிளம்புவதற்குள் ஒரு நீலக்கல்

நண்பர்களே, இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான வரலாறு. ராஜா கிடையாது, போர் கிடையாது, பானிபட் கிடையாது. உல்லாசக் கப்பலில் ஊர் சுற்றப் போகிறவர்கள் துறைமுகத்தில் இறங்கியதும் நகைக்கடைக்குள் நுழைகிறார்களே, அந்தப் பழக்கத்தின் கதை. "இதில் என்னப்பா வரலாறு?" என்று உடனே கேட்டுவிடாதீர்கள். சூயஸ் கால்வாய், செக்கோவ், பாரிஸ் நகரத்து ரசாயனப் பேராசிரியர், டென்மார்க் அரசர் எல்லோரும் வரிசையாக வரப்போகிறார்கள் :-)

முதலில் ஒரு கேள்வி. கரீபியன் கடலில் செயின்ட் தாமஸ் என்று ஒரு சின்னத் தீவு. அமெரிக்காவுக்குச் சொந்தமானது. அதன் தலைநகரம் சார்லட் அமாலி. கப்பலில் இருந்து இறங்கி அந்த ஊரின் பிரதான தெருவுக்குப் போனால் இரண்டு பக்கமும் நகைக்கடைகள்தான். வைரம், நீலக்கல், மரகதம், தான்சனைட் எல்லாம் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்தத் தீவில் வைரச் சுரங்கம் கிடையாது. நீலக்கல்லும் கிடையாது, மரகதமும் கிடையாது. அப்படியென்றால் அத்தனை கடைகள் அங்கே எப்படி வந்தன?

பதில் ரொம்ப எளிமையானது. கல் கிடைக்கும் இடத்தில் கடை வைக்கவில்லை, கப்பல் நிற்கும் இடத்தில் வைத்தார்கள். கப்பலில் வருகிறவர் மற்ற வாடிக்கையாளர்களைப் போன்றவர் அல்ல. அவர் கையில் காசு இருக்கிறது, நேரம் மட்டும் இல்லை. இன்று வாங்கிவிட்டுப் போனால் அனேகமாகத் திரும்பி வரவும் மாட்டார். இந்த மூன்றும் சேர்ந்தால் எப்படிப்பட்ட வியாபாரம் நடக்கும் என்பதைத்தான் நூற்றைம்பது வருடக் கதையாகப் பார்க்கப் போகிறோம்.

நிலக்கரி ஏற்றும் நேரம்

கதை நமக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது, இலங்கையில். அந்தத் தீவின் கற்களைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். 1344ல் வந்த இபின் பதூதாவும் எழுதியிருக்கிறார். ஆனால் சாதாரண மத்தியதரக் குடும்பத்து ஆள் ஒருவர் கப்பலில் இருந்து இறங்கி ஒரு நீலக்கல் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறிவிடலாம் என்ற நிலை வந்தது நீராவிக் கப்பல்களால்தான்.

நீராவிக் கப்பல் நிலக்கரி இல்லாமல் ஓடாது. அதனால் வழியில் அங்கங்கே நின்று கரி ஏற்றியே ஆகவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்படி நின்ற இடம் இலங்கையின் தென்முனையில் உள்ள காலி. (ஊர்ப் பெயர்தான் காலி, அப்போது துறைமுகம் நிரம்பி வழிந்தது!) 1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கிழக்கே வரும் கப்பல்கள் பெருகின. கொழும்பில் 1875ல் அலைதாங்கி கட்டத் தொடங்கி 1885ல் முடித்தார்கள். பெரிய கப்பல்கள் காலியை விட்டுவிட்டுக் கொழும்புக்கு மாறின.

கரி ஏற்றப் பல மணி நேரம் ஆகும். கப்பல் முழுக்கக் கரித்தூள் பறக்கும். பயணிகள் உள்ளே உட்கார்ந்திருக்க முடியுமா? கரைக்கு இறங்கினார்கள். இறங்கியதும் கண்ணில் படுகிற இடத்தில், பயணிகள் இறங்குதுறைக்கு எதிரேயே, 1875ல் கிராண்ட் ஓரியண்டல் ஓட்டல் திறக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றி யார்க் தெருவிலும் சாத்தம் தெருவிலும் ரத்தினக்கல் கடைகள்.

விற்றவர்களில் பெரும்பாலோர் இலங்கைச் சோனகர்கள், அதாவது தமிழ் பேசும் முஸ்லிம்கள். பேருவளை, காலி போன்ற கரையோர ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கல் வியாபாரம் செய்த குடும்பங்கள். ரத்தினபுரியின் சேற்றுக் குழிகளில் இருந்து வரும் கல்லைக் கையில் எடுத்த உடனே எடை, தரம், எப்படி வெட்டலாம் என்று சொல்லக் கூடியவர்கள்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களின் பயணக் குறிப்புகளில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. வியாபாரி ஒரு கல்லுக்குப் பெரிய விலை சொல்கிறார். பயணி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கப்பல் சங்கு ஊதுகிறது. விலை மளமளவென்று இறங்குகிறது. கடைசி நிமிடத்தில் சொன்ன விலையில் ஒரு சின்னப் பங்குக்குக் கல் கைமாறுகிறது. பயணிக்கு ஒரே சந்தோஷம், "ஏமாற்ற வந்தவனை நான் ஏமாற்றிவிட்டேன்" என்று. வாங்கியது நீலக்கல்லா இல்லை பர்மிங்ஹாமில் இருந்து வந்த கண்ணாடியா என்ற கிண்டலும் அதே குறிப்புகளில் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சங்கு ஊதினால் விலை இறங்குகிறது, அதனால் நேரம் பயணிக்குச் சாதகம் என்று தோன்றும். உண்மையில் நேரம் வியாபாரி பக்கம்தான். சங்கு ஊதும்போது பயணிக்கு விலையைப் பேச நேரம் இருக்கிறது, கல்லைப் பரிசோதிக்க நேரம் இல்லை. தள்ளுபடி கிடைத்த மகிழ்ச்சியில் "இது என்ன கல்?" என்ற முதல் கேள்வியே மறந்துபோகிறது.

செக்கோவ் வாங்கிய கீரி

கல்லே இல்லாத ஒரு உதாரணம் சொல்கிறேன். ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1890ல் சகாலின் தீவுக்குப் போய்விட்டுக் கடல் வழியாக ஊர் திரும்பும்போது கொழும்பில் இறங்கினார். அவர் வாங்கியது ரத்தினம் அல்ல, கீரி! ஆசையாகக் கப்பலில் ஏற்றி ரஷ்யா வரை கொண்டுபோனார். போன பிறகுதான் தெரிந்தது, கீரி என்று நம்பி வாங்கியதில் ஒன்று கீரியே இல்லை, மரநாய்.

செக்கோவ் முட்டாள் இல்லை. மனிதர்களை ஒரு பார்வையில் எடைபோடுகிறவர், டாக்டர் வேறு. ஆனாலும் தெரியாத ஊரில், தெரியாத பொருளை, குறைந்த நேரத்தில் வாங்கினார். உயிருள்ள ஒரு மிருகத்திலேயே இந்தக் குழப்பம் என்றால், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக இருக்கும் நீலக்கல்லில் எவ்வளவு குழப்பம் வரும்?

ஆனால் எல்லா வியாபாரிகளும் ஏமாற்றுக்காரர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நேர்மையானவர்களுக்கு இதே நிலைமை பெரிய தலைவலி. நல்ல கல்லை வைத்துக்கொண்டு, "இது கண்ணாடி இல்லை" என்று இரண்டு மணி நேரத்தில் ஒரு அந்நியரை எப்படி நம்ப வைப்பது? அவர்கள் கண்டுபிடித்த வழி, நிரந்தரமான பெயர். 1860ல் காலியில் தொடங்கிய மாக்கான் மாக்கார் நிறுவனம் பிறகு கொழும்பின் பெரிய ஓட்டல்களிலேயே கடை வைத்தது. காலிப் பக்கத்தைச் சேர்ந்த பி. பி. டி சில்வா 1872ல் சிங்கப்பூருக்குப் போய் நகைக்கடை போட்டார், அதுவும் இன்னொரு பெரிய கப்பல் துறை. இப்படிப்பட்ட கடைகள் கல்லோடு சேர்த்து ஒரு முகவரியையும் விற்றன. லண்டன் போன பிறகு ஏதாவது தகராறு என்றால் கடிதம் போட ஒரு இடம் இருக்கிறது அல்லவா? அதற்குத்தான் கூடுதல் விலை.

நெருப்பில் பிறந்த கல்

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ஆட்டம் மாறிவிட்டது. பாரிஸில் ஒகுஸ்ட் வெர்நுய் என்ற ரசாயனப் பேராசிரியர் 1902ல் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்தார். அலுமினா தூளைக் கொழுந்துவிட்டு எரியும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சுடர் வழியாகக் கொட்டினால் அது உருகிச் சொட்டுச் சொட்டாக விழுந்து ஒரு சின்னக் குமிழாக வளரும். சில மணி நேரத்தில் மாணிக்கம் தயார். அடுத்த பத்து வருடத்துக்குள் நீலக்கல்லும் வந்துவிட்டது.

இது கண்ணாடி அல்ல என்பதுதான் விஷயம். பூமியில் விளைந்த மாணிக்கமும் இதுவும் வேதியியல்படி ஒரே பொருள். அதே கடினம், அதே எடை. கண்ணாடியைக் கீறிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், இதைக் கீறிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூதக்கண்ணாடியோ நுண்ணோக்கியோ வைத்துப் பார்த்தால் உள்ளே வளைந்த கோடுகளும் காற்றுக் குமிழிகளும் தெரியும். இயற்கைக் கல்லில் கோடுகள் நேராக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இறங்குதுறையில் யார் நுண்ணோக்கி வைத்திருந்தார்கள்?

ஐரோப்பாவில் செய்த இந்தக் கற்கள் கப்பலேறிக் கிழக்கே வந்தன. இங்கே சுரங்கக் கல் என்ற பெயரில் ஐரோப்பியப் பயணிகளுக்கே விற்கப்பட்டன. அதே கப்பலில் திரும்ப ஐரோப்பாவுக்கே போயும் சேர்ந்தன! ஊர் சுற்றிப் பார்த்தது கல்தான் :-)

எகிப்தில் இன்னொரு வேடிக்கை. அலெக்சாண்ட்ரைட் என்று ஒரு அபூர்வக் கல். பகலில் பச்சை, விளக்கு வெளிச்சத்தில் சிவப்பு. ரஷ்யாவின் யூரல் மலையில் கண்டுபிடித்து, பிற்பாடு ஜார் ஆன இரண்டாம் அலெக்சாண்டரின் பெயரை வைத்தார்கள். எகிப்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் எகிப்தில் இறங்கிய பயணிகளும் சிப்பாய்களும் "அலெக்சாண்ட்ரைட்" என்ற பெயரில் நிறைய வாங்கினார்கள். அலெக்சாந்திரியா என்ற துறைமுகத்தின் பெயர் இருக்கும்போது நம்புவதற்கு என்ன கஷ்டம்? அவற்றில் ஏராளமானவை வனேடியம் சேர்த்துச் செய்த, நிறம் மாறும் செயற்கைக் கற்கள். பாட்டி பெட்டியில் இருந்து எடுத்து வந்து பரிசோதிக்கச் சொல்லும் பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொல்வது மேலைநாட்டுக் கல் நிபுணர்களுக்கு வழக்கமான வேலை ஆகிவிட்டது.

இதற்கெல்லாம் மருந்தாகத்தான் பரிசோதனைக் கூடங்கள் வந்தன. லண்டனில் 1925ல் ஒன்று தொடங்கியது. அப்போது உடனடிப் பிரச்சினை ஜப்பானின் வளர்ப்பு முத்து. அமெரிக்காவில் 1931ல் ரத்தினவியல் நிறுவனம் வந்தது. அறிவியல் ஜெயித்துவிட்டது. ஆனால் ஆய்வுக்கூடம் முடிவு சொல்ல நாளாகும், கப்பலோ சாயங்காலமே கிளம்பிவிடும்.

1967

இப்போது இந்தியப் பெருங்கடலை விட்டுக் கரீபியன் கடலுக்குப் போகப் போகிறோம். ஏன் என்றால் பயணிகளே அங்கே போய்விட்டார்கள்.

1958ல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறக்கத் தொடங்கின. ஊருக்குப் போய்ச்சேர இனிக் கப்பல் தேவையில்லை. 1967 ஜூனில் அரபு-இஸ்ரேல் போரில் சூயஸ் கால்வாய் மூடப்பட்டு, 1975 வரை திறக்கவில்லை. ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த கொழும்பின் பயணிக் கப்பல் காலம் அத்தோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

அதே சமயத்தில் உலகத்தின் மறுபக்கத்தில் கப்பல் வேறு அவதாரம் எடுத்தது. 1966 டிசம்பரில் சன்வர்ட் என்ற கப்பல் மயாமியில் இருந்து கரீபியன் உல்லாசப் பயணங்களைத் தொடங்கியது. போய்ச்சேரும் ஊர் முக்கியம் இல்லை, கப்பலில் இருப்பதே விடுமுறை. 1977ல் தொடங்கிய லவ் போட் என்ற தொலைக்காட்சித் தொடர் இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது.

இந்தப் புதிய கப்பலுக்குக் கரி ஏற்றும் வேலை கிடையாது. ஆனால் பயணிகள் இறங்கிப் பார்க்க ஊர் வேண்டும். சார்லட் அமாலி தயாராக இருந்தது. டென்மார்க் ஆட்சியில் 1764லேயே வரியில்லாத் துறைமுகமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. கடல் வரை நீளும் பழைய கல் கிடங்குகள் தெரு முழுக்க இருந்தன. ட்ரோனிங்கன்ஸ் காதே, அதாவது அரசியின் தெரு என்று பெயர். ஓவியர் கமில் பிசாரோ 1830ல் பிறந்தது இந்த ஊரில்தான், குடும்பத்துக்குக் கடை இருந்ததும் அதே தெருவில்தான். 1917ல் அமெரிக்கா இந்தத் தீவுகளை 2.5 கோடி டாலர் தங்கம் கொடுத்து வாங்கியது, ஆனால் வரிச்சலுகை தொடர்ந்தது. கியூபாவில் 1959ல் புரட்சி வந்து அமெரிக்கர்கள் அங்கே போவது நின்றதும் கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. ரம்மும் சர்க்கரையும் இருந்த கிடங்குகளில் வைரம் குடியேறியது.

அந்தக் கடைகளின் சொந்தக்காரர்களில் நிறையப் பேர் இந்தியர்கள், முக்கியமாக சிந்திகள். தற்செயல் அல்ல. சிந்து மாகாணத்து ஹைதராபாத் வியாபாரிகள் 19ஆம் நூற்றாண்டில் இருந்தே போர்ட் செய்த், மால்டா, ஜிப்ரால்டர், கொழும்பு, பனாமா என்று கப்பல் நிற்கும் இடமெல்லாம் கடை போட்டவர்கள். பட்டும் கலைப்பொருளும் கப்பல் பயணிகளுக்கு விற்றவர்கள். வரலாற்றாசிரியர் கிளாட் மார்க்கோவிட்ஸ் இவர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். கொழும்பும் கரீபியனும் வேறு வேறு உலகம் மாதிரித் தெரிந்தாலும் தொழில் நுணுக்கம் ஒரே பரம்பரை.

தான்சனைட்: கப்பலுக்கென்றே பிறந்த கல்

அதே 1967ல் தான்சானியாவின் மெரெலானி மலையில் ஒரு நீலக்கல் கிடைத்தது. கண்டுபிடித்த பெருமை ரொம்ப நாள் கோவா வம்சாவளியைச் சேர்ந்த மானுவல் டிசோசாவுக்குப் போனது. ஜுமான் இங்கோமா என்ற உள்ளூர்க்காரர்தான் முதலில் கண்டவர் என்று 2018ல் தான்சானியா அரசு கௌரவித்தது. கல்லின் அறிவியல் பெயர் நீல சோய்சைட். ஆங்கிலத்தில் அது தற்கொலை என்ற சொல் மாதிரி ஒலிக்கிறது என்று, நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் 1968ல் தான்சனைட் என்று பெயர் சூட்டியதாகச் சொல்வார்கள்.

உலகத்தில் அந்தச் சில கிலோமீட்டர் நிலத்தில் மட்டும்தான் கிடைக்கிறது. அதனால் "வைரத்தைவிட ஆயிரம் மடங்கு அரிது" என்ற விளம்பரம் கப்பல் துறைமுகங்களில் பிரபலம். பூமியில் அரிது என்பது உண்மை. ஆனால் துறைமுகத் தெருவில் கடைக்குக் கடை தட்டு நிறைய இருக்கிறதே! இன்னொரு விஷயம், கடினம். நீலக்கல் 9 என்றால் தான்சனைட் 6.5 அளவுதான். காற்றில் பறக்கும் தூசியில் உள்ள குவார்ட்ஸ் 7. ஆக, தினமும் போடும் மோதிரத்துக்கு ஏற்ற கல் அல்ல, தோட்டுக்கும் பதக்கத்துக்கும் சரி. கிட்டத்தட்ட எல்லாத் தான்சனைட்டும் சூடுபடுத்தி நிறம் ஏற்றியதுதான். அது மோசடி இல்லை, சொல்லிவிட்டு விற்றால்.

வரைபடம் யாருடையது?

கொழும்பில் வியாபாரி பயணியைத் தேடி வந்தார். கரீபியனில் கப்பலே பயணியை வியாபாரியிடம் அனுப்புகிறது. கப்பலில் "ஷாப்பிங்" பற்றிச் சொற்பொழிவு, கையில் "பரிந்துரைக்கப்பட்ட கடைகள்" வரைபடம். அந்த வரைபடத்தில் இடம்பெறக் கடைகள் பணம் கட்டுகின்றன. அதையே சிறிய எழுத்தில் போட்டும் இருப்பார்கள். ஆக, "பரிந்துரை" என்பது பெருமளவு விளம்பரம். கூடவே ஒரு உத்தரவாதமும் உண்டு. குறிப்பிட்ட நாட்களுக்குள் கல்லில் குறை என்றால் கவனிப்போம் என்று. விலை அதிகம் கொடுத்துவிட்டோம் என்று மனம் மாறினால் பொதுவாக அதில் சேராது.

"வரி இல்லை" என்ற பலகையும் அப்படித்தான். அமெரிக்கர்கள் இந்தத் தீவுகளில் இருந்து 1,600 டாலர் வரை வரியில்லாமல் கொண்டுபோகலாம், சலுகை உண்மை. ஆனால் பட்டை தீட்டிய தனி வைரத்துக்கும் நீலக்கல்லுக்கும் அமெரிக்காவில் 2025ல் புதிய வரிகள் வரும் முன்பு பல ஆண்டுகள் இறக்குமதி வரியே கிடையாது. இல்லாத வரியில் என்ன சலுகை?

அந்தத் தெருவின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் கப்பல்கள் நின்றபோது ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கடைகளுக்கு ஆள் இல்லை. ஊரே கப்பல் அட்டவணையை நம்பி வாழ்கிறது. நேரம் பயணியை மட்டும் நெருக்கவில்லை, கடைக்காரரையும்தான்.

நமக்கு என்ன?

நம் ஊரில் குடும்பத்துக்கு ஒரு நகைக்கடை, ஒரு ஆசாரி என்று வழக்கம் உண்டு. பத்து வருடம் கழித்து அதே நகையை மாற்றப் போவோம் என்று இருவருக்குமே தெரியும். பழைய நகை எடைபோடும்போது கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்கு விலை போடுவார்கள் என்பதும் நம் அம்மாக்களுக்குத் தெரியும். அந்த "திரும்பி வருவோம்" என்பதுதான் உண்மையான ஹால்மார்க். கப்பல் அதை வெட்டிவிடுகிறது. காலியில் கடை வைத்தவரும், லண்டனில் ஆய்வுக்கூடம் வைத்தவரும், உத்தரவாத அட்டை அச்சடித்தவரும் அந்த இடைவெளியைத்தான் ஏதோ ஒரு விதத்தில் நிரப்பப் பார்த்தார்கள்.

ஆகவே நண்பர்களே, நாளைக்கு நீங்கள் சம்பாதித்துக் கப்பலில் போனால் மூன்று விஷயம். கிளம்பும் முன் அதே தரக் கல்லுக்கு ஊரில் என்ன விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கல்லின் பெயர், எடை, இயற்கையா செயற்கையா, சூடுபடுத்தியதா என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். விற்பவர் தானே எழுதும் மதிப்பீட்டுச் சீட்டை ஆய்வுக்கூடச் சான்றிதழோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். எழுதித் தர ஒருவர் தயங்கினால், கப்பல் சங்கு ஊதினாலும் ஊதாவிட்டாலும் நடையைக் கட்டுங்கள்.

பிடித்த கல்லைப் பிடித்த விலைக்கு, நினைவுக்காக வாங்கினால் அதில் தப்பே இல்லை. லாபம் என்று நினைத்து வாங்கினால்தான் வம்பு. கீரி வேண்டுமென்றால் கீரியா என்று பார்த்து வாங்குங்கள், அவ்வளவுதான் :-)